பதினான்காம் நொடி

பாட்டின் பெயர் 'பன்னிரண்டரை'.
நீளம் நாலு நிமிடம் ஏழு நொடி.
முதல் பதினோரு நொடி ஜெபக்கனியின் கிதார் மட்டும்,
தகரத்தைக் கட்டர் அறுப்பதுபோல.
பிறகு மூன்று நொடி எதுவும் கிடையாது.
பதினான்காவதில் நான் இறங்குவேன்.

ஷார்ஜா, பதின்மூன்றாம் தொழிற்பேட்டையில்
பழைய டயர் அடுக்கிய கிடங்கு.
வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக
நாங்கள் நாலு பேர் அடித்து வளர்த்தது.
பேஸ் தந்தி அறுந்தபோது குகதாஸ் சொன்ன
மட்டக்களப்புக் கெட்ட வார்த்தைகூட
உள்ளே எங்கோ இருக்கிறது.
ஒருநாள் ஷுர்த்தா வந்தார்.
வாசலில் நின்று ஒரு சரணம் முழுக்கக் கேட்டார்.
கதவைச் சாத்திக்கொண்டு அடியுங்கள் என்றார்.

ஜூனில் வெளியிட்டோம்.
வானொலிக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார்.
"காலைக்கு இது ஆகாது தம்பி.
மாலைக்கும்."
அஜ்மானில் ஒரு பிறந்தநாள் விருந்தில்
பாதிப் பாட்டில் கேக் வெட்டினார்கள்.
ரஹ்மத்துல்லா கண்ணை மூடிக் கத்திக்கொண்டிருந்தான்,
பார்க்கவில்லை.
என் மனைவி தூத்துக்குடியிலிருந்து எழுதினாள்:
"பாடுறவருக்கு மிளகுப் பால் கொடுங்க."
இருநூற்றுப் பதினேழு முறை கேட்கப்பட்டதாகக் கணக்கு.
அதில் அறுபது நான்.

ஆகஸ்டில் சஜாவில் ஒரு கேம்ப்,
ஏசி செத்துவிட்டதென்று
இரவோடு இரவாக அனுப்பினார்கள்.
ஏணியில் நிற்கிறேன், கையில் டக்ட் டேப்.
மணி நாலு.

ஏழாம் அறையில் கிதார்.
ஒன்பதில் கிதார்.
எதிர் வரிசையில் கொஞ்சம் பிந்தி இன்னொன்று,
பிறகு வராந்தா முழுக்கத்
தகரம் அறுபடுகிறது.
ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த மூன்று நொடி.
மேல்கட்டிலிலிருந்து ஒரு கை தொங்கித்
தடவி
அணைக்கிறது.
அடுத்த அறையிலும் ஒரு கை.
ஒரு போன்கூடப் பதினான்கைத் தொடவில்லை.

வாயில் பிரஷ்ஷோடு வந்தவர்
சாரம் கட்டுகிறவர், பேர் சன்னாசி.
"அண்ணே, அது என்ன பாட்டு?"
"பாட்டா? அலாரம்ங்க.
செத்தவனும் எந்திரிப்பான்."
"அப்புறம் டிரம்ஸ் வரும்."
"வருமா?"
துப்பிவிட்டு யோசித்தார்.
"அதுக்குள்ள பஸ் வந்துரும்."

உச்சி வெயிலில் கொஞ்சம் படுக்கவிடு
என்பதுதான் பல்லவி.
அதைச் சொல்லவில்லை நான்.

ஜெபக்கனியிடம் சொன்னபோது
கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தான்.
முதல் நொடியிலேயே டிரம்ஸை வைப்போமே என்றேன்.
ஹிட்டான பாட்டில் கை வைக்கக் கூடாதாம்.

இப்போதெல்லாம் நாலு மணிக்கு
அலாரம் இல்லாமலே முழிப்பு வருகிறது.
சஜா பக்கம் தலையைத் திருப்பிப் படுத்து எண்ணுகிறேன்.
பதினொன்று. பன்னிரண்டு. பதின்மூன்று.
கட்டில் கம்பியில்
ரெண்டு விரலால் ஒரு அடி.

கீழ்க்கட்டிலில் ஆள் புரள்கிறான்.