எடைச்சீட்டு

கையேடு, ஏழாம் திருத்தம்.
நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் சிவப்பு மை:
"பறவைகள் குறித்துத் தெளிவில்லை."
பூநாரைகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று
எழுதி, அடித்துவிட்டேன்.

வாலிநோக்கத்தில் நிற்கிறது விமானம்.
பறந்தாலும் நின்றாலும்
நாளுக்கு இவ்வளவு டாலர் வாடகை.
உப்புக்காற்று இலவசம்.
விடியுமுன் நல்ல தண்ணீரில்
இறக்கை கழுவுகிறார் இருளப்பன்.
குடிக்க லாரி வரும் ஊர்;
குடத்தோடு போகிறவர்கள்
பார்த்துக்கொண்டே போகிறார்கள்.

சோதனைப் பறப்புக்குப் பயணிகள் கூடாது.
மணல் மூட்டைகள் ஏற்றினோம்.
மூட்டைக்கொரு இருக்கை, இடுப்பில் வார்.
பழக்கதோஷம்,
கதவுகள் எங்கெங்கே என்று
கைகாட்டி முடித்தாள் ஸெலின்.
கடைசி வரிசை கவனிக்கவில்லை.

ஆய்வாளர் மூன்று மூட்டைகளை
மறுபடி தராசில் வைத்தார்.
இரவெல்லாம் கடற்காற்றைக் குடித்து
சீட்டில் எழுதியதைவிட ஆறு கிலோ கூடியிருந்தன.
"அடுத்த மாசம் பார்ப்போம்."
கீழக்கரை வீட்டை அடகு வைத்திருக்கும்
சீனி உதுமான்
"டீ சாப்பிட்டீங்களா சார்" என்றார்.

அவிழ்த்துக் கொட்டும்போது
ஆறு-பி மூட்டையிலிருந்து ஒரு நண்டு.
பெயர்ப் பட்டியலில் இல்லை.
ஓடுதளத்தின் வெள்ளைக்கோட்டில் கொஞ்சம் நின்று
கடல் பக்கமாகப் போனது,
பக்கவாட்டில்.