சுண்ணாம்பு தடவாத கலயம்

தடைக்காலம் தொடங்கிய நாலாம் நாள்
இன்னாசி அடுப்படிக்குள் வந்தான்.
வலை பொத்தி முடித்தாயிற்று,
படகுக்கு நீலம் அடித்தாயிற்று,
கையைக் கழற்றி ஆணியில் மாட்ட முடியாதே.
"கேக் செய்யப்போறேன்" என்றான்,
புது எஞ்சின் வாங்கப்போகிறவன் மாதிரி.

நான் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.
மண்டபத்தில் நண்டுச் சதை எடுக்கும் வேலை.
அவித்த நண்டு என் விரலோடு வீடுவரை வரும்,
சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது.
வீட்டில் நண்டு தொடமாட்டேன் என்று
கல்யாணத்தின்போதே சொல்லிவிட்டேன்.

சாயங்காலம்
தங்கச்சிமடத்துத் தெருமுனையிலேயே கருகல் வாடை.
அலுமினியச் சட்டியில் கடற்கரை மணலைப் பரப்பி
அதன்மேல் டப்பாவை வைத்திருக்கிறான்.
மணலில் கிடந்த சிப்பியெல்லாம்
சூட்டில் வெடித்துத் தெறித்து
கேக்கின் தலையில் இறங்கியிருந்தது.
பக்கத்து வீட்டு பெர்னத் ஒரு துண்டு கடித்தாள்.
பல்லை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு
"முந்திரியாண்ணே?" என்றாள்.

மணலைக் கொட்டிவிட்டு
வாலிநோக்கத்துக் கல்லுப்பு இரண்டு படி.
உப்பு படபடத்தது, அடங்கியது,
சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டது.
ஆறு முட்டை என்றாள் போனில் சமைக்கிற பெண்.
எங்கள் கோழி அடையில் இருந்தது,
அதனால் இரண்டு.
சீனி தீர்ந்திருந்தது,
அதனால் கருப்பட்டி.
நடுவில் பள்ளம் விழுந்திருந்தாலும்
அதைக் கேக் இல்லையென்று யாரும் சொல்லவில்லை.

அதோடு விட்டானா?
அடுத்தது ரொட்டி.
ராமநாதபுரம் கடையில் வாங்கிய ஈஸ்ட்
போன வருஷமே செத்திருந்தது.
மாவு,
வற்றில் தரைதட்டிய வள்ளம்போல்
அசையாமல் கிடந்தது.

விடியுமுன் பனங்காட்டுக்குப் போனான்.
"கருமலை, ஒரு கலயத்துக்கு மட்டும்
சுண்ணாம்பு தடவாதே."
"அது கள்ளு. ஸ்டேஷன்ல என்னைக் கேப்பாங்க."
"ரொட்டிக்குப்பா."
"எல்லாரும் எதுக்காவதுதான் கேக்குறாங்க"
என்றபடி மரத்தில் பாதி ஏறியிருந்தார் கருமலை.

அன்று ராத்திரி ஈரத்துணிக்கு அடியில்
யாரோ மூச்சு விடுவதுபோல் துணி மேலே வந்தது.
இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து
பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.
கயிறு இழுத்துக் காய்த்த உள்ளங்கை,
அதில் மாவு ஒட்டவேயில்லை.
முதல் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக்
கருமலை வீட்டுக்கு அனுப்பினான்.
"புளிக்குது, ஆனா நல்ல புளிப்பு"
என்று பதில் வந்தது.

கச்சான் பிடித்து
வாசலெல்லாம் மணல் ஏறிய வாரம்
நண்டு பன் செய்வதாகக் கிளம்பினான்.
வள்ளக்காரரிடம் நாலு நண்டு வாங்கி அவித்து
தானே உடைக்க உட்கார்ந்தான்.
நான் முறுக்கிக்கொண்டு வெளியே இருந்தேன்.
ஒரு மணிநேரம்.
பெருவிரலில் வெட்டு, சுட்டுவிரலில் இரண்டு குத்து,
கிண்ணத்தில் ஒரு கைப்பிடி சதை,
அதிலும் ஓட்டுத் துணுக்கு.
கதவருகே வந்து நின்றான்.
"நீ ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுப்ப?"
"ஆறு."
கிண்ணத்தைப் பார்த்தான்.
பிறகு என் கையைப் பார்த்தான்.
பன்னில் உருளைக்கிழங்குதான் வைத்தான் கடைசியில்.
நண்டை அவனே குழம்பு வைத்து
அவனே தின்றான், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

ஜூன் பதினாலு ராத்திரி படகுகள் கிளம்பின.
பானையில் ஒரு உருண்டை மாவு விட்டுப் போயிருந்தான்.
பின்னிரவில் போன் அடித்தது,
அக்கரை டவர் எட்டிப்பார்க்கும் இடத்திலிருந்து.
பாடு எப்படி, அந்தப் பக்கம் லைட் ஏதும் தெரிகிறதா
என்றெல்லாம் கேட்க நினைத்து வாயெடுக்குமுன்
"எழும்பிருச்சா?" என்றான்.
துணியைத் தூக்கிப் பார்த்தேன்.
"பாதி."
"அப்படியே விடு, நான் வந்து..."
டவர் போய்விட்டது.

விடவில்லை நான்.
உப்புச் சட்டியைச் சூடாக்கினேன்,
நண்டு வாடைக் கையாலேயே உருட்டி வைத்தேன்.
ஒரு பக்கம் கருகிவிட்டது.
கருகின பக்கத்தை வெட்டி
நின்றபடியே தின்றேன்,
மிச்சத்தை மூடி வைத்துவிட்டு
ஏழு மணி வேனைப் பிடித்தேன்.