குடிக்கும் அளவு

ஒரு கிராம் அலுமினா
எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று
முதலில் அதனிடமே கேட்டேன்.
துளி விட்டு, கிளறி, துளி விட்டு,
பொடி பொடியாகவே உதிர்ந்த கடைசி அளவைக்
கொப்பியில் எழுதினேன்:
சைபர் தசம் எட்டு மில்லிலீற்றர்.
இன்னொரு துளி விழுந்தால் சேறு.

அந்த எட்டுக்குள்தான்
பல்லேடியமும் செம்பும் அடங்க வேண்டும்.
ஒரு கரைசல் கடுஞ்சாயத் தேநீர்,
மற்றது பதுளை வானம்
எப்போதாவது காட்டுகிற நீலம்.
கலந்தால் பச்சை.
"பாசி மாதிரி இருக்கே" என்றார்
சிலிண்டரை உருட்டிவந்த விஜேகோன்.
அந்தப் பாசியில்
என் மூன்று மாதப் படிப்பணம் கரைந்திருப்பது
அவருக்கும் தெரியும்.

உலர்த்தி, குழாய் உலையில் வைத்து
ஐதரசனைத் திறந்தேன்.
நிமிடத்துக்கு இரண்டு பாகை. அவசரம் ஆகாது.
பல்லேடியம்தான் முந்தும்.
சூடு ஏறுமுன்பே உலோகமாகி
ஐதரசனைப் பிளந்து பக்கத்தில் தள்ளும்.
தனியே விட்டால் அடம்பிடிக்கும் செம்பு
அந்தத் தள்ளலில் இறங்கிவரும்,
பக்கத்தில் இருந்தால்.
தள்ளி விழுந்த செம்பு
தனி மணியாய்த் திரண்டுவிடும்.
சூடு கூடிப்போனாலோ எல்லாம் ஊர்ந்து
ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பெருக்கும்;
பெருத்த மணி
உள்ளே நிறைய உலோகத்தை
வேலையில்லாமல் வைத்திருக்கும்.

பதினொன்று இருபது. இருநூற்றுப் பதினாலு பாகை.
கரண்ட் போயிற்று.
கைப்பேசியை வாயில் கவ்வி
ஐதரசனை மூடி, நைதரசனைத் திறந்து
யன்னலையும் திறந்தேன்.
மழை உள்ளே வந்து கொப்பியை நனைத்தது.
மூன்று மணிக்கு வெளிச்சம் வந்தபோது
கொட்டிவிடத்தான் எழுந்தேன்.
கொட்டவில்லை.
விட்ட இடத்திலிருந்து மறுபடி ஏற்றி,
குப்பியில் ஒட்டினேன்:
பதினேழு. இருட்டு.

இரவு மெயிலில் கொழும்பு போனது குப்பி.
ஒன்பதாம் நாள் படம் வந்தது.
சாம்பல் மேகத்தில் மிளகுத்தூள்.
முந்திய பதினாறிலும்
சிவப்பு ஓரிடம், பச்சை ஓரிடம்.
இதில் இரண்டும் ஒரே புள்ளியில் விழுந்திருந்தன,
நாலு நனோமீற்றருக்குள்.
மின்வெட்டு செய்ததா, என் கை செய்ததா?
ஆய்வுக் கட்டுரையில் அதை எப்படி எழுதுவது?

சிவபாக்கியத்தின் கிணற்றுத் தண்ணீர்
மேசையில் காத்திருந்தது,
குளிர்பானப் போத்தலில்.
வெலிமடைப் பக்கம் லீக்ஸ் போடுகிறார்.
உருளைக்கிழங்குக்குக் கொட்டிய யூரியா
மேல் தோட்டத்திலிருந்து இறங்கி
கிணற்றில் நைத்திரேற்றாய் நிற்கிறது.
"கொதிக்க வைச்சா போகாதா?" என்று கேட்டிருந்தார்.
கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் போகும்,
அது நிற்கும்.

பொடியைப் போட்டு
ஐதரசனைக் குமிழவிட்டேன்.
லீற்றருக்கு அறுபத்தெட்டு மில்லிகிராம்
இரண்டு மணி நேரத்தில் ஒன்பதாயிற்று.
விஜேகோன் கை தட்டினார்.
நான் நெஸ்லர் கரைசலை ஒரு சொட்டு விட்டேன்.
மஞ்சள்.
காற்றாய்ப் போக வேண்டியதில் ஒரு பங்கு
அமோனியாவாய்த் தங்கிவிட்டது,
உரம் மறுபடி உரமாய்.

செம்பைக் குறைக்க வேண்டும். அல்லது கூட்ட.
பதினெட்டுக்கு அலுமினா நிறுத்துக்கொண்டிருந்தபோது
அவரே அழைத்தார்.
"தண்ணி சரியா பிள்ளை?"
பாதி சரி என்றேன்.
"எந்தப் பாதியைக் குடிக்கலாம்?"

அந்தப் பக்கம்
வாளி கிணற்றுச் சுவரில் மோதியது.