நூறிலிருந்து ஏழு ஏழாய்

புந்தா அரேனாசில் காற்று முற்றினால்
சதுக்கத்து ஓரமாய்க் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடப்போம்.
நான் காற்றில் விழவில்லை.
ஜூலையில், இலை அசையாத ஒரு காலையில் விழுந்தேன்.
வாசற்படியில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி.
மீன் வாங்கக் கிளம்பியவளிடம்
தொலைபேசியில் மகன் கேட்டான்:
"என்ன மீன்?"
யோசித்தேன்.
யோசித்த அந்த இடைவெளியில்
கால் தன் வேலையை மறந்துவிட்டது.
மணிக்கட்டு, இரண்டு இடத்தில்.

எலும்பு கூடியதும் யாஸ்னாவிடம் அனுப்பினார்கள்.
தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரு கூடம்,
கூடைப்பந்துக் கோடுகள் தேய்ந்த மரத்தரை.
சும்மா நடக்கச் சொன்னாள்.
பக்கத்தில் நடந்தபடியே, பேச்சுவாக்கில்,
"காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?"
பதினோரு பேரில் ஏழு பேர்
நின்றுவிட்டுத்தான் பதில் சொன்னோம்.
ரொட்டியை அவள் எழுதிக்கொள்ளவில்லை.
நின்றதை எழுதிக்கொண்டாள்.

அதன்பின் தொடங்கியது.
கோட்டின் மேல் குதிகாலும் விரலும் தொடத் தொட நடை,
வாயில் நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழித்தல்.
தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு.
எழுபத்தொன்பதில் தெயோலிந்தா சுவரைப் பிடித்தாள்.
இன்னொரு நாள் கையில் நிறைகுவளைத் தண்ணீர்,
'ம'வில் தொடங்கும் ஊர்கள் சொல்ல வேண்டும்.
தண்ணீர் சிந்தாதவர்கள் ஓர் ஊரும் சொல்லவில்லை.
மொந்தேவிதேயோ வரை போனவர்களுக்குச்
சட்டை நனைந்தது.

இறைச்சி உறைநிலையத்தில்
முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதியவள் நான்.
கழித்தல் எனக்குக் கைவந்த கலை.
காலுக்கு வரவில்லை.

நொல்பெர்த்தோ பார்ரியாவுக்கு எண்கள்
ஆடுகளாகத்தான் வரும்.
ஒவ்வோர் ஏழையும் பட்டிக்குள் விட்டுத் திரும்புவார்,
விரலை மடக்கி.
ஐம்பத்தெட்டில் நின்றார்.
என்னைப் பார்த்தார்.
"எண்பத்து மூன்றில் உங்கள் நிலையம்
பதினோரு ஆட்டுக்குக் காசு தரவில்லை."

"நானூற்றுப் பன்னிரண்டு," என்றேன். "சீட்டு நான் எழுதியது."
"ஓட்டி வந்தது நானூற்று இருபத்து மூன்று. ஓட்டியது நான்."
யாஸ்னா கைதட்டினாள்:
"நடந்துகொண்டே, நடந்துகொண்டே!"

ஆகஸ்டில் தெயோலிந்தா விழுந்தாள்,
தன் சொந்தச் சமையலறையில், நட்டநடுவில்.
வகுப்பு அவளை அவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கவில்லை.
அவள் நாற்காலியை நாங்கள் யாரும் நகர்த்தவில்லை.

செப்டம்பர் காற்று.
வகுப்பு முடிந்து அவரும் நானும் ஒரே பக்கம் போகிறவர்கள்.
சண்டை தெருவிலும் தொடர்ந்தது.
காற்று பாதிச் சொல்லை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டது,
மீதியைக் கத்தினோம்.
"தராசு பொய் சொல்லுமா?"
"தராசு தலையை எண்ணுமா?"
நடைபாதை விளிம்பு வந்தது, இறங்கினோம்.
பனிச்சேறு வந்தது, சுற்றினோம்.
ஒரு நாய் குறுக்கே ஓடியது,
"பதினொன்று!" என்றபடி அவர் கால் அதற்கு வழிவிட்டது.
சதுக்கம் தாண்டித்தான் கவனித்தேன்:
கயிறு அந்தப் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது.
எங்கள் நான்கு கைகளும்
கணக்குச் சொல்வதில் மும்முரமாக இருந்தன.

வீட்டு வாசல். அதே படி.
ஏறும்போது ஞாபகம் வந்தது:
ஈரல் கெட்டதென்று கால்நடை மருத்துவர் ஒதுக்கியவை,
பதினொன்று.
அதற்குத் தனிச் சீட்டு எழுதித் தர வேண்டும்.
அன்று வெள்ளிக்கிழமை.
நான் எழுதவில்லை.

கால் நிற்கவில்லை.
அடுத்த படி, அதற்கடுத்த படி,
சாவி, கதவு.

வியாழக்கிழமை அவரிடம் சொல்ல வேண்டும்.
சொன்னால் வாக்குவாதம் முடிந்துபோகும்,
கயிற்றைப் பிடித்துக்கொண்டு
வாய்மூடி நடந்து வருவோம் இருவரும்.
நவம்பர் வரை காற்று அடிக்கும் என்கிறார்கள்.
டிசம்பரில் சொல்லலாமா?