பாலத்துக்கு இப்பால்

பெட்டிகோவில் ஆறு
ஒரு தாவலுக்குச் சற்றே அகலம்.
இக்கரை அயர்லாந்து, அக்கரை பிரிட்டன்.
பாலத்தில் காவலில்லை, கம்பமில்லை.
அங்கேதான் நல்ல ரொட்டி கிடைக்கும் என்கிறாள்
விடுதிக்காரி டெர்வ்லா.
போவாள், வருவாள்,
வீட்டுச் செருப்பைக்கூட மாற்றாமல்.

நான் லிஸ்பன்காரன்.
விசா வேண்டாம்,
முன் அனுமதி மட்டும் போதுமாம்.

கைப்பேசி கேட்டது:
இனப்படுகொலை செய்ததுண்டா?
இல்லை.
பயங்கரவாத இயக்கத்தில் இருந்ததுண்டா?
இல்லை.
முகத்தைக் காட்டு. சிரிக்காதே.

ஒரு ரொட்டிக்காக
இத்தனை இல்லை சொன்னதில்லை நான்.

"யார் பார்க்கப்போகிறார்கள், டுவார்த்தே?"
யாருமில்லைதான்.
அதனால்தான் கால் எழவில்லை.

கடையடைத்த பிறகு மின்னஞ்சல் வந்தது:
இரண்டாண்டு செல்லும்.

அதற்குள் டெர்வ்லா
ரொட்டியை அறுத்து
என் துண்டுக்கு
வெண்ணெய் தடவியிருந்தாள்.