பித்தளைக் காவல்

லாரியின் வில்பட்டையில் அடித்த அலகு அது.
சாயல்குடி ஒர்க்‌ஷாப்பில் ஒடிந்து கிடந்ததை
எடைக்கு வாங்கி வந்தேன்.
அலகைப் பற்றி எனக்குப் பெருமையில்லை.
பாதியை நெருப்பு செய்துவிடும், மீதியை எண்ணெய்.
என் வேலை அதற்கப்புறம்:
கையும் இரும்பும் சந்திக்கிற
அந்த நாலு விரற்கடை.

ஜெனோவா வந்தபோது
வலது ஆள்காட்டி விரலில் ஏழு தையல்.
மூக்கையூர் ஏலக்கூடத்தில் திருக்கை அறுக்கையில்
பிடி வழுக்கி, கை முன்னே ஓடி,
தன் கத்தியில் தானே ஏறியிருக்கிறது.
"மீனு செத்துப்போச்சு, அதோட வழுக்கல் சாகல" என்றாள்.
"கை முன்னால போகாம ஒரு தடுப்பு வையி."

விசைப்படகின் உடைந்த புரொப்பல்லரில்
ஓர் இதழை அறுத்தெடுத்தேன்.
பித்தளை என்கிறார்கள்.
வெண்கலமோ என்னவோ, மஞ்சளாக இருந்தது.
நடுவில் மூன்று துளை,
துளைக்கும் துளைக்கும் இடையே ஊசி அரம்,
மெல்ல ஒரு வாய் திறந்தது.
கத்தியின் காம்பு அதற்குள் இறங்க வேண்டும்,
இறங்கியபின் ஆடக் கூடாது.
ஓர் இழுப்பு. பொருத்திப் பார். கழற்று.
இன்னும் ஓர் இழுப்பு.
மயிரிழை மிச்சமிருக்கையில்
யாரோ டீ கொண்டுவந்தார்கள்,
இரண்டு இழுப்பாக இழுத்துவிட்டேன்.
வெயிலுக்கு நேரே தூக்கினால்
காம்புக்கும் காவலுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு.
ஒளி போகிற வழியில் உப்புத்தண்ணி போகும்.
அந்தத் துண்டைக்
கச்சான் காற்றுக்கு அடித்துக்கொள்ளும் கதவின் அடியில்
ஆப்பாகச் செருகினேன்.

இரண்டாவது துண்டு கேட்டபடி உட்கார்ந்தது.
மரச்சுத்தியலால் தட்டத் தட்ட
'டண்' என்பது 'டக்' ஆகும் ஒரு கணம் உண்டு,
அதோடு நிறுத்திவிட வேண்டும்.

பிடிக்கு, கரிமூட்டம் போகவிருந்த
கருவைக் கட்டையில் ஒன்று.
பக்கத்துப் புரோட்டாக் கடையில் ஓர் உருண்டை மாவு கேட்டு
அவள் கையில் வைத்து
இறுக்கச் சொல்லியிருந்தேன்.
மூன்று விரல் பதிந்தது.
தையல் விரல் மடங்காமல் வானம் பார்த்து நின்றது.
அதையும் அப்படியே மரத்தில் செதுக்கினேன்:
மூன்று பள்ளம், ஒரு மேடு.
ஃபைபர் வல்லம் ஒட்டுகிற ரெசின் ஊற்றி
குறுக்கே ஒரே ஓர் ஆணி.
ஆணித்தலை விரிய வேண்டும்,
மரம் விரியக் கூடாது.

காவலைப் பார்த்துப் பார்த்து இருந்தேன் இரண்டு நாள்.
அடியில் அது வாயைத் தாண்டி
மூன்று நூல் இறங்கி நின்றது,
கோயில் வாளில் இருப்பதுபோல.

பதினேழாம் நாள் திரும்ப வந்தாள்.
மஞ்சள் பாதி காணோம்.
"புளியங்கட்டையில முட்டுது உன் தடுப்பு.
கடைசி ஒரு அங்குலம் அறுக்கவே மாட்டேங்குது,
சீலா முள்ளுல தொங்கிக்கிட்டே நிக்குது.
போட்டு நிறுத்துற தரையில
ரெண்டு சாயங்காலம் தேச்சேன்."

எனக்குக் காது சுட்டது.
வாங்கிப் பார்த்தேன்.
வாய்க்கு ஒரு நூல் மேலே
சரியாக நிறுத்தியிருந்தாள்.
சிமெண்டுத் தரையில், வெறும் கண்ணில்.
பிடியைப் பற்றி, என் விரலை முன்னே தள்ளினேன்.
அந்தக் குட்டை விளிம்பில் முட்டி நின்றது.
அவ்வளவு போதும்போல.

"விரல்?" என்றேன்.
"அது இனி மடங்காதாம்.
பிடிய மட்டும் தொட்டுறாத.
மருமக பிடிச்சுப் பாத்தா, அவளுக்கு ஒட்டல."

அவள் விட்டிருந்த பிசிறை மட்டும் அரத்தால் வழித்துக் கொடுத்தேன்.
பாக்கி இருநூறில் நூறு வைத்தாள்.
"தடுப்புல பாதி நான் செஞ்சது."

அவள் போனபின்
கதவடியில் கிடந்த முதல் துண்டை உருவினேன்,
எத்தனை நூல் என்று பார்க்க.
பின்னால் கதவு
அடித்துக்கொண்டே இருந்தது.