மாவுக்கட்டு

கையுறைக் கம்பெனிப் படியில் வழுக்கி
வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள் குணசுந்தரி.
பெரியாஸ்பத்திரியில் மாவுக்கட்டு போட்டார்கள்.
ஆறு வாரம் என்றார் டாக்டர்
அவளைப் பார்த்து.
தண்டனை யாருக்கென்று அவருக்குத் தெரியவில்லை.

பீடோங்கில் செம்பனை ஆலையில்
பாய்லர் பார்க்கிறவன் நான்.
இருபத்திரண்டு வருஷமாய் நெருப்போடு பழக்கம்.
முள் எந்த எண்ணில் நின்றால்
எந்த வால்வைத் திருப்ப வேண்டுமென்று
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
வீட்டு அடுப்பில் முள் இல்லை.

முதல் நாள் சோறு
மேலே அரிசி, நடுவில் கஞ்சி, அடியில் கரி.
மாவுக்கட்டை மடியில் கிடத்தி
இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டவள்
'பரவால்ல' என்றாள்.
அந்தச் சொல்லை இந்த மேசையில்
இதுவரை சொல்லிவந்தவன் நான்தான்.
வாங்கிப் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டாம் வாரம் புகழ் பரவியது.
வேலிக்கு மேல் தலை நீட்டிய பவளக்கொடி
'தங்கமான மனுசன்' என்றாள்.
மளிகைக்கடையில் நெத்திலி நிறுக்கையில்
ஒருத்தர் தோளில் தட்டினார்.
மீன் விற்கும் ஆ செங்
கெம்போங் ஒன்று கூடுதலாய்ப் போட்டான்.
உனக்கு எப்போதாவது போட்டிருக்கிறானா என்று கேட்டேன்.
'அழுகுனத மாத்திப் போடாம இருந்தா போதும்'
என்றாள் குணா.

என் சம்பலைப் படமெடுத்துக்
குடும்பக் குழுவில் போட்டாள் மகள் தர்ஷிகா.
ஈப்போவிலிருந்தெல்லாம் கைதட்டல்.
அவள் அம்மா செய்ததில்
ஒரு படம்கூட அந்தப் போனில் இல்லை.
தேடிப் பார்த்தேன்.
பிறந்தநாள் கேக்கு இருந்தது, கடையில் வாங்கியது.

யாரும் சொல்லாத ஒன்று:
சமைக்கிறவனுக்குப் பசி செத்துவிடும்.
தாளிப்பும் பெலாச்சான் புகையும் மூக்கில் ஏறி
எல்லாருக்கும் பரிமாறி முடிக்கையில்
எனக்கு ஒரு குவளை தே போதுமென்று இருந்தது.
கடைசியில் உட்கார்ந்து
அவள் கொறித்ததைப் பார்த்து
'டயட்டா' என்று சிரித்திருக்கிறேன்.
ஒருமுறை அல்ல.

வெங்காயம், எண்ணெய்ச் சூடு, தேங்காய்ப்பால் திரிவது
எல்லாம் மூன்றாம் வாரத்தில் கைக்கு வந்துவிட்டது.
வராதது ஒன்று:
இன்னைக்கு என்ன?
ஷிப்ட் முடிந்து மோட்டாரில் ஏறினால்
பின்னால் அதுவும் ஏறிக்கொள்ளும்.
செம்பனை வரிசைகளின் ஊடே
ஜெராய் மலையில் மேகம் இறங்குவதை
முன்பெல்லாம் பார்த்தபடி வருவேன்.
இப்போது ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டைப் பார்த்தபடி வருகிறேன்:
பாதிக் கோஸ், மூன்று கத்தரி,
புதன்கிழமை முட்டை செய்தாயிற்று.
தீபாவளிக்கும் லீவு எடுக்காத கேள்வி.
பாய்லரையாவது
வருஷத்துக்கு ஒருமுறை அணைப்போம்.

நீ எப்போது யோசிப்பாய் என்று கேட்டேன்.
'குளிக்கும்போதே முடிச்சிருவேன்' என்றாள்.
கொஞ்சம் பொறுத்து,
'சில நாள் குளிச்சிட்டு வெளிய வரவே தோணாது.'
அதைச் சிரிக்காமல் சொன்னாள்.

ஆறாம் வாரம் கட்டைப் பிரித்தார்கள்.
உள்ளிருந்து ஒரு மெலிந்த கை வந்தது,
யாருடையதோ போல.
வீடு வந்து சமையலறை வாசலில் நின்றோம்.
அவளும் உள்ளே போகவில்லை.
நானும் போகவில்லை.
சாவியை எடுத்துக்கொண்டு
ரயிலடி ஒட்டுக்கடைக்கு நடந்தோம்.

பிளாஸ்டிக் நாற்காலி. ஆளுக்கு இரண்டு தோசை.
புதுக் கையால் மெதுவாய்ப் பிய்த்துத் தொட்டு
'பெலாச்சான் வறுக்கல' என்றாள்.
ஆமாம், பச்சை வாடை,
எனக்கும் தெரிந்தது.
தெரிந்ததில் சின்னதாய் ஒரு கர்வம்,
அதன் பின்னாலேயே
கல்லுக்கு முன் நின்று வேர்க்கிற
அந்தக் கடைப் பையனிடம் ஒரு கூச்சம்.

நாளைக்கு என்ன, என்று ஆரம்பித்தேன்.

'சாப்பிடு மொதல்ல' என்றாள்.